மூச்சை மட்டும் கூட்டிச் சொல்லாதே

என் அக்காவுக்குத் தாலி கட்டி, எனக்குக் கடிவாளம் கட்டப் பார்த்துத் தோற்றுப்போன என் தங்க மச்சானுக்கு,

ஏகாம்பரம் எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்கவில்லை, கடிதம் எழுதுகிறேன். நம் நகர் நலச் சங்கத்து ஆண்டு மலரில் போடுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். "ரெண்டு பக்கம்தான் தருவேன், ஏகாம்பரம்" என்றார். "எங்க மச்சானுக்கு ரெண்டு பக்கம் எந்த மூலைக்கு சார்?" என்று கேட்டு நாலாக்கிவிட்டேன். அச்சில் வரப்போவதால் நல்ல தமிழில் எழுதப் பார்க்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன் என்று ஊர் சொல்லும். ஒன்பதாவதிலும் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறேன், அதை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

மலரைப் படிக்கிறவர்களுக்கு உங்களைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் நின்றவர் நீங்கள். யாராவது "டாக்டர்" என்று கூப்பிட்டால், "நான் மருந்து எடுத்துக் குடுக்கிறவன். சீட்டு எங்கே?" என்பீர்கள். சொந்த அம்மாவே வந்தாலும் சீட்டு இல்லாமல் தரமாட்டீர்கள். நான் அப்படியில்லை. தாம்பரத்திலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் பஸ்ஸும் ஜனமும் அடைத்துக்கொண்டு நிற்கும்போது, எந்த வண்டியை எந்தப் பக்கம் விடுவது என்று போலீஸ்காரர்களே என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இதை நான் சொன்னபோது நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "ரெண்டால வகு."

அதுதான் நீங்கள் எனக்குப் போட்ட சட்டம். கோவளத்தில் ஒரு மீன் வாங்கினேன், ஆட்டோ சீட் நீளம் இருந்தது என்றேன். "ரெண்டால வகு. அப்புறம் இன்னொரு தடவையும் வகு" என்றீர்கள். அக்கா சிரித்தாள், என் மனைவி மல்லிகா சிரித்தாள், மடியில் உட்கார்ந்திருந்த உங்கள் பெண் கீர்த்தியும் புரியாமலே சிரித்தாள். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் வீட்டில் பாதியாக்கித்தான் கேட்கிறார்கள். நானும் அதற்கென்றே இரண்டு மடங்காகச் சொல்லிப் பழகிவிட்டேன். கணக்கு நேராகிவிடும் அல்லவா?

இப்போது உங்களிடம் சொல்ல ஒரு பெரிய செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்லதைக் கடைசியில் வைப்பவன் நான், உங்களுக்குத் தெரியும்.

கீர்த்திக்கு நாலு வயசில் இழுப்பு வந்தது நினைவிருக்கிறதா? நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு நேராக வாயில் அடித்தால் பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிடும் என்று, நீங்கள் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, அதில் இன்ஹேலரைச் செருகி, சுற்றி டேப் ஒட்டினீர்கள். பாட்டில் வாய் அவள் வாயில். ஒரு அழுத்து, ஆறு மூச்சு. மறுபடி ஒரு அழுத்து, ஆறு மூச்சு. நீங்கள் விரலை மடக்கி எண்ணுவீர்கள், அவள் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டு மூச்சு விடுவாள்.

ஒரு நாள் நீங்கள் கடையில் இருந்தபோது அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. அக்கா ஊரில் இல்லை. நான்தான் பாட்டிலைக் கொடுத்தேன். போனில், "நாலு தடவை அழுத்திட்டேன் மச்சான், ஒவ்வொண்ணுக்கும் பத்து மூச்சு, புள்ள எழுந்து ஆடுது" என்றேன். நான் அழுத்தியது இரண்டு தடவை. அவள் ஆடவும் இல்லை. நீங்கள் என்னவோ சந்தேகப்பட்டுக் கடையை விட்டு வந்தீர்கள். அவள் சுவரில் சாய்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அவளுக்கு மருந்து கொடுத்து, சத்தம் அடங்கின பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"மீனைக் கூட்டிக்கோ ஏகா. போலீஸைக் கூட்டிக்கோ. மூச்சை மட்டும் கூட்டிச் சொல்லாதே."

அதற்கப்புறம் என் ஆட்டோவிலும் ஒரு இன்ஹேலரும் பாட்டிலும் வைக்கச் சொன்னீர்கள். சாமி படத்துக்குக் கீழே, துடைக்கிற துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். தேதி முடிந்தால் நீங்களே மாற்றிக் கொடுப்பீர்கள். நீங்கள் போன பிறகு கீர்த்தியின் பழைய சீட்டைக் காட்டி நானே மாற்றிக்கொண்டு வருகிறேன். அவள் பெரியவளாகி, வேலைக்குப் போய், தன் பையில் தன் மருந்தை வைத்துக்கொண்ட பிறகும் மாற்றினேன். இதில் வகுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் என் கையைப் பிடித்தபோது சொன்னது இதுதான்: "கீர்த்திக்கு சம்பந்தம் பேசறப்போ இழுப்பு இருக்கறதை மறைக்காதீங்க. முதல்லயே சொல்லிடு ஏகா." சரி மச்சான் என்றேன். உங்கள் கைமேல் கை வைத்துச் சொன்னேன்.

மச்சான், நான் சொல்லவில்லை.

பெருங்களத்தூரில் புது அடுக்குமாடிக் குடியிருப்பு. பையன் பெயர் தினேஷ், தங்கமான பிள்ளை. அவன் அம்மா ராஜலட்சுமி அம்மாள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைக்கூட இன்னும் தொடவில்லை. அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார்கள், "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஒடம்பா? எங்க கீர்த்திக்கு ஒரு தும்மல் வந்து நான் பார்த்ததில்லைங்க சம்பந்தி. ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கினவ. மாவட்டத்துலயே!"

கீர்த்தி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டாள். ஏன் சொன்னேன்? நல்ல இடம் கை நழுவிப்போகுமோ என்ற பயமா? அப்பா இல்லாத பெண் என்று எவனும் ஒரு படி இறக்கிப் பார்த்துவிடக் கூடாது என்ற ரோஷமா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. அந்த நிமிஷத்தில் வாய் நிறையச் சொன்னபோது எனக்குச் சுகமாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இரண்டாயிரம் பேர். (வகுத்துக்கொள்ளுங்கள்.) முதல் மாசமே கீர்த்தி தினேஷிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன், "அம்மாகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்" என்றானாம். மெதுவாக என்பது எப்போது வரும்? வரவேயில்லை. காலையிலும் சாயங்காலமும் போட வேண்டிய மருந்தை அவள் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் போட்டுக்கொண்டாள். தன் புகுந்த வீட்டிலேயே திருடி மாதிரி.

அப்புறம் மாசமானாள். எல்லோருக்கும் சந்தோஷம். சம்பந்தி அம்மாள் ஒரு நிமிஷம் அவளைத் தனியாக விடவில்லை. அதே நேரம் மாடி வீட்டுப் பெண் ஒருத்தி, எதையோ பேசும்போது, இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றிருக்கிறாள். பாவம், அவளுக்குக் கீர்த்தியின் கதை தெரியாது. கீர்த்தி எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, பம்ப்பை நிறுத்திடலாம்னு பார்க்கறேன். குழந்தைக்கு ஆகாதாமே?"

நீங்கள் இருந்திருந்தால் "டாக்டரைக் கேள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள். நான் படித்த ஒன்பதாவது சும்மா இருக்குமா? "நிறுத்திடும்மா. என் ஆட்டோவுல எத்தனை மாசமான பொண்ணுங்க ஏறி இறங்கறாங்க, எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல மருந்தே தொடக் கூடாது. வெந்நீர் குடி, சரியாயிடும்" என்றேன். மூன்றாம் மாதம் நிறுத்தினாள். ஒவ்வொரு தடவை பிரசவ டாக்டரிடம் போகும்போதும் சம்பந்தி அம்மாள் பக்கத்து நாற்காலியில். "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று டாக்டர் கேட்பார். "இல்லை டாக்டர்." ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கின பெண் வேறு என்ன சொல்ல முடியும்?

போகி அன்று அவளுக்கு ஆறாம் மாதம். ஊரே புகை. இருமிக்கொண்டே இருந்தாள். யாருக்குத்தான் இருமல் இல்லை அன்றைக்கு என்று விட்டுவிட்டார்கள். நானும்தான் விட்டேன்.

மாசியில் வளைகாப்பு. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிற ஹாலில் காலை பத்து மணிக்கு. ஏசி ஓடுகிறது, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. தாய்மாமன் சீர் ஒன்பது தட்டு. (ஒன்பதுதான். அக்காவைக் கேளுங்கள்.) தாம்பரம் மார்க்கெட்டில் நானே நின்று பொறுக்கிய கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். கீர்த்தி மனையில் உட்கார்ந்திருந்தாள், அச்சாக உங்கள் அம்மாவின் முகம். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் ஏறிவிட்டது. தினேஷுக்கு ஒரு சித்தி, நல்ல மனசுக்காரி, தூபக்காலில் சாம்பிராணி போட்டுக் கொண்டுவந்து அவள் தலையைச் சுற்றிக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் போடு என்றார்கள். போட்டாள். மூடின ஹாலில் புகை எங்கே போகும்? மேலே போய்த் திரும்பி வந்தது.

எனக்கு முதலில் கேட்டது வளையல் சத்தம்தான். யாரும் கையை அசைக்கவில்லை, வளையல் மட்டும் கலகல என்று, ஒரே சீராக. பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் மேலே ஏறி இறங்குகிறது, அதில் வளையல் குலுங்குகிறது. நாலு வயசில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளே, அதே தோள்.

"இழுப்பு வந்துடுச்சு! புகையை எடுங்க! இவளுக்கு இழுப்பு இருக்கு!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் நகரவில்லை, மச்சான்.

"மாமா ஆரம்பிச்சுட்டார்டா" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஏழாம் மாசம்னா மூச்சு வாங்கத்தான் செய்யும். எனக்கு ரெண்டாவதுக்கு மாடிப்படியே ஏற முடியலை" என்றாள் சித்தி.

தினேஷின் பெரியப்பா சாப்பாட்டுப் பந்தியிலிருந்து வெற்றிலையோடு வந்தவர், "ஏகாம்பரம் சார் சொன்னா ரெண்டால வகுக்கணும்னு இவங்க வீட்டுலயே சொல்லுவாங்களாமே! பாதி இழுப்புதானா சார்?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

உங்கள் சட்டம் சம்பந்தி வீடு வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள். அக்காவும் மல்லிகாவும் சமையல்கட்டுப் பக்கம் இருந்தார்கள், தினேஷ் இலை வாங்கப் போயிருந்தான். உண்மை தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான், என் வார்த்தைக்கு அங்கே பாதி விலை. கீர்த்தியால் பேச முடியவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "மாமா... ஆட்டோ..." என்றாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன், "இன்னா தலைவரே, எங்க ஓட்றே?" என்றார். சாமி படத்துக்குக் கீழே கையை விட்டேன். துணி, பாட்டில், இன்ஹேலர். தேதி பார்த்தேன், சரியாக இருந்தது. திரும்பி ஓடி வந்து மனைக்கு முன்னால் மண்டியிட்டேன். குலுக்கினேன். அழுத்தினேன்.

"ஒண்ணு... ரெண்டு... இழும்மா... மூணு..."

விரலை மடக்கி எண்ணினேன். அவள் என் விரலைப் பார்த்தாள். ஆறு வந்ததும் நிறுத்தினேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி ஆறு. என் வாழ்நாளில் நான் இவ்வளவு சரியாக எதையும் எண்ணியதில்லை, மச்சான். நாலு தடவை அழுத்தி இருபத்துநாலு மூச்சு. ஹாலில் இப்போது சிரிப்பு இல்லை. வளையல் சத்தம் கொஞ்சம் மெதுவாயிற்று.

சம்பந்தி அம்மாள் பன்னீர் கலக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்கள். தூபக்காலில் அப்படியே கவிழ்த்தார்கள். சுர்ரென்று ஒரு சத்தம். ஜன்னல்களை அவர்களே போய் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். திரும்பி வந்து என்னைக் கேட்டார்கள், "எத்தனை வருஷமா?"

"நாலு வயசுலேர்ந்துங்க."

"அந்த ஓட்டப்பந்தயக் கப்பு?"

"கப்பு இல்லைங்க. அவ ஓடவும் இல்லைங்க. நான்தான் சொன்னேன். அவங்கப்பா சொல்லச் சொன்னதை நான்தான் சொல்லலை."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரியப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அவளை என் ஆட்டோவிலேயே ஏற்றினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் நாலே நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இறக்கினேன் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு மட்டும்: பன்னிரண்டு நிமிஷம். சம்பந்தி அம்மாள் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ஆவியாக மருந்து கொடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், வயிற்றில் பெல்ட் மாதிரி ஒன்றைக் கட்டிக் குழந்தையின் இதயத்தைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிற சத்தம். குடும்பத்தில் அதுதான் முதல் ஓட்டப்பந்தயம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யார் பண்ணினது?"

"எங்க மச்சான், டாக்டர். மருந்துக்கடையில இருந்தார். இப்போ இல்லை."

"நல்லாப் பண்ணியிருக்கார். நல்லாச் சொல்லியும் குடுத்திருக்கார். இங்க வர்றதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சுடுச்சு."

உங்களுக்கு இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குழந்தைக்கு ஆகாதுன்னு நிறுத்தினீங்களாம்மா? அது உங்க மூச்சுலதானே இருக்கு? உங்களுக்கு மூச்சு குறைஞ்சா அதுக்கும் குறையும். ஆஸ்துமாவை அடக்காம விட்டாத்தான் குழந்தை எடை குறைவாப் பொறக்கறது, மாசம் ஆகறதுக்கு முன்னாடியே பொறக்கறது, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏர்றது, இதெல்லாம் வர வாய்ப்பு ஜாஸ்தி. கட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா பெரும்பாலானவங்க நல்லபடியாத்தான் பெத்துக்கறாங்க. இன்ஹேலர் மருந்து நேரா நுரையீரலுக்குப் போகுது. ரத்தத்துல கலந்து குழந்தைகிட்ட போறது ரொம்பக் கொஞ்சம். மருந்தை விட, மருந்தை நிறுத்தறதுதான் ஆபத்து."

"கர்ப்பம்னாலே இழுப்பு அதிகமாயிடுமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே இருக்கும். யாருக்கு எப்படின்னு முன்னாடியே சொல்ல முடியாது. அதனாலதான் எங்ககிட்ட மறைக்கக் கூடாது." பிறகு கீர்த்தியைப் பார்த்து, "வாரத்துல எத்தனை நாள் இருமல்ல தூக்கம் கெடுது?" என்று கேட்டார்.

"எப்பவாவது டாக்டர்..." என்று இழுத்தாள். என்னிடமிருந்து படித்தது. நான் குறுக்கே போனேன். "கீர்த்தி, உங்கப்பா கேக்கறதா நினைச்சுச் சொல்லு."

அவள் கண் நிறைந்துவிட்டது. "நாலு நாள், அஞ்சு நாள். ரெண்டு மாசமா" என்றாள்.

வெளியே வராந்தாவில் நான் சம்பந்தி அம்மாள் காலில் விழாத குறை. "மன்னிச்சுடுங்க, எனக்கு வாய் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். அவர்கள் கையை உயர்த்தி நிறுத்தினார்கள். "இழுப்பு இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியலை. ஆனா ஒரு வருஷமா என் வீட்டுல ஒரு பொண்ணு குளியலறையில ஒளிஞ்சு மூச்சு விட்டிருக்கா. அதுக்கு நீங்க பாதி, நான் பாதி. உங்ககிட்ட எனக்குப் பேச்சில்லை."

சொன்னபடியே இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. நான் போனால் காபி வரும், பேச்சு வராது. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன் கேளுங்கள். காலையில் மணி ஏழானால், "கீர்த்தி, மருந்து" என்று குரல் வரும். கூடத்தில் சோபாவில் வைத்தே கொடுப்பார்கள். முடிந்ததும், "வாய் கொப்புளிச்சியா?" பிறகு மூச்சின் பலத்தை அளக்க டாக்டர் கொடுத்த ஒரு சின்னக் குழாயை ஊதச் சொல்லி, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து நோட்டில் எழுதுவார்கள். முள் ஒரு கோடு இறங்கினால் டாக்டருக்குப் போன். சாமிக்கு ஊதுபத்தி நின்றுவிட்டது, பூ மட்டும். கீழ்வீட்டில் எவரோ குப்பையைக் கொளுத்தப் போய், அந்த அம்மாள் இறங்கிப் போய்ப் போட்ட சத்தத்தில் அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாராம். அதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் பார்த்த மாதிரி ஸ்டாண்டில் சொல்லி வருகிறேன்.

சித்திரையில், போன வாரம், வலி எடுத்தது. நாள் கணக்குப்படி இரண்டு வாரம்தான் பாக்கி, அதனால் ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி நேரத்திலும் வழக்கமான மருந்தை விடக் கூடாது என்று முன்னமே சொல்லியிருந்தார். தினேஷ் உள்ளே அவள் கூட இருந்தான். வெளியே நான், அக்கா, சம்பந்தி அம்மாள். அந்த அம்மாள் முந்தானையில் ஏதோ முடிந்து கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். திருநீறு என்று நினைத்தேன். பார்த்தால் இன்னொரு இன்ஹேலர். "உள்ள இருக்கறது தீர்ந்துட்டா?" என்றார்கள். யாரிடம் சொன்னார்கள்? என்னிடம்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

பகல் இரண்டரை மணிக்கு அழுகைச் சத்தம் கேட்டது. கத்தி வைக்காமல், சுகப்பிரசவம். பெண் குழந்தை. நர்ஸ் வந்து எடையைச் சொன்னாள்.

மல்லிகாவுக்குப் போன் போட்டேன். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், "மூணரை கிலோ" என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூணரை என்றால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! அப்போது உங்கள் குரல் கேட்டது. மூச்சை மட்டும், ஏகா. இந்தப் பிள்ளை முழுக்க மூச்சால் ஆனதுதானே? விழுங்கிக்கொண்டேன்.

"ரெண்டு கிலோ அறுநூறு" என்றேன், உள்ளது உள்ளபடி.

 அந்தப் பக்கம் விசும்பல்.

"ஐயோ, அப்போ ஒண்ணேகால் கிலோதானா? கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்களா? மறைக்காதய்யா, சொல்லு!"

"அடியே, ரெண்டு அறுநூறுடி! முழுசா!"

"நீ எப்போ முழுசா சொல்லியிருக்கே?"

நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அழுகை நிற்கவில்லை. கூட்டிச் சொன்னதற்கெல்லாம் சிரித்தார்கள், ஒரே ஒரு தடவை சரியாகச் சொன்னதற்கு அழுகிறாள். இதற்கு என்ன செய்வது மச்சான்? நீங்கள் இருந்தால் போனை வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள், அவ்வளவுதான். நீங்கள் இல்லை. 

சம்பந்தி அம்மாள் பக்கத்தில் வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்கள். "மல்லிகா, நான் ராஜலட்சுமி பேசறேன். குழந்தை ரெண்டு கிலோ அறுநூறு. அம்மாவும் பொண்ணும் நல்லா இருக்காங்க. அண்ணன் சொன்னது சரிதான், வகுக்க வேண்டாம்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அண்ணன் என்றார்கள், கவனித்தீர்களா?

குழந்தையைப் பார்த்தேன். உங்கள் காது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. பிற்பாடு வருமா? வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கீர்த்தி மருந்தோடு தாய்ப்பாலும் கொடுக்கிறாள், கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. நல்லதுதான்.

உங்கள் கையைத் தொட்டுக் கொடுத்த வாக்கை ஒரு தடவை உடைத்துவிட்டேன். இன்னொன்று கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? என் மீன் இனியும் பெரிதாகத்தான் இருக்கும், பொங்கல் நெரிசலில் போலீஸ் இனியும் என்னைத்தான் கேட்கும், அதில் கை வைக்காதீர்கள். ஆனால் இந்தக் குடும்பத்தில் யாருடைய மூச்சையும் எத்தனையோ அத்தனை என்றுதான் எண்ணுவேன், கேட்கிறவர்களிடம் அப்படியேதான் சொல்லுவேன். ஆட்டோவில் சாமி படத்துக்குக் கீழே புது இன்ஹேலர் வைத்திருக்கிறேன். பாட்டில் பழசுதான், நீங்கள் ஒட்டிய டேப் இன்னும் விடவில்லை.

இரண்டு கிலோ அறுநூறு, மச்சான். வகுக்க வேண்டாம்.

உங்கள் மச்சினனும், உங்கள் பேத்திக்கு ஆறு வரை சரியாக எண்ணத் தெரிந்த சின்னத் தாத்தாவுமான
ஏகாம்பரம்